இரண்டு வரி போதும்: பிரிட்டிஷ் பத்திரிகை ஆசிரியர்களின் நெறிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நெறித்தொகுப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பர் 10 அன்று லண்டன் கிளாரன்ஸ் ஹவுஸில் மன்னர் சார்லஸும் இளைய மகன் ஹாரியும், தந்தையும் மகனுமாகத் தேநீர் குடித்தார்கள். 19 மாதம் கழித்து நடந்த அந்தச் சந்திப்பு ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் உள்ளே யார் யாரிடம் எப்படி நடந்துகொண்டார், என்ன பரிசு கைமாறியது என்பதெல்லாம் அடுத்த சில வாரங்களில் ‘வட்டாரங்கள்’ வாயிலாக அச்சேறிவிட்டது. அச்சில் வந்த பேச்சு கட்டுக்கதை என்று மகனின் தரப்பு மறுத்தது. அரச குடும்பத்தில் பிறந்தவர் தம் சிறுவயதுக் குறைகளை ஊரறியச் சொல்லலாமா என்ற பழைய பட்டிமன்றமும் நாற்காலி மேசையோடு திரும்பி வந்தது.

பின்னணி உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்புச் சொல்லும்படி உங்களைக் கேட்கவில்லை. கேட்பது மிகச் சிறியது. அரச குடும்பத்தவர் ஒருவர் தம் இளமைக்காலம் பற்றிச் சொன்ன குறையை ஒரு பத்திரிகை செய்தியாக்கினாலும் சரி, அதன்மேல் கருத்துக் கட்டுரை போட்டாலும் சரி, அதே நபரின் அந்தரங்கத்தில் அத்துமீறியதற்காக அந்தப் பத்திரிகைக் குழுமம் நீதிமன்றத்தில் தோற்றிருந்தால், அல்லது மன்னிப்புக் கேட்டிருந்தால், அதை அதே பக்கத்தில் இரண்டு வரியில் சொல்ல வேண்டும். இதை உங்கள் நெறித்தொகுப்பில் ஒரு விதியாகச் சேர்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கு இரண்டு தேதிகள் போதும்.

2023 டிசம்பர் 15. மிரர் குழுமத்துக்கு எதிராக ஹாரி தொடுத்த வழக்கில் நீதிபதி ஃபேன்கோர்ட் தீர்ப்பளித்தார். விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 33 கட்டுரைகளில் 15, வாய்ஸ்மெயிலை ஒட்டுக்கேட்டோ வேறு சட்டவிரோத வழியிலோ திரட்டிய தகவலால் எழுதப்பட்டவை என்று முடிவானது. நட்டஈடு 1,40,600 பவுண்டு.

2025 ஜனவரி 22. சன் பத்திரிகையை நடத்தும் நிறுவனம், விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் சமரசம் செய்துகொண்டது. 1996 முதல் 2011 வரை இளவரசர் ஹாரியின் சொந்த வாழ்வில் சன் கடுமையாக ஊடுருவியதற்கும், அந்தப் பத்திரிகைக்காக வேலை செய்த தனியார் துப்பறிவாளர்களின் சட்டவிரோதச் செயல்களுக்கும் மன்னிப்புக் கேட்டது. அதே நிறுவனத்தின் இன்னொரு பத்திரிகையான நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் செய்த ஒட்டுக்கேட்புக்கும் தனியாக மன்னிப்பு. சன் பத்திரிகையின் செய்தியாளர்கள் சட்டத்தை மீறவில்லை என்பதில் நிறுவனம் உறுதியாக நின்றது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் அந்த மன்னிப்பில் இன்னொரு வாசகமும் இருந்தது. அவருடைய வாழ்விலும் அவர் தாயின் வாழ்விலும், குறிப்பாக அவருடைய இளம் வயதில், செய்த ஊடுருவல் அவரைப் பாதித்ததற்காக வருந்துவதாக அது சொன்னது.

1996-ல் அவருக்கு வயது 11, செப்டம்பரில் 12. ஆக, அவருடைய சிறுவயது சரியில்லாமல் போனதில் தனக்கும் பங்கு உண்டென்று ஒரு பத்திரிகை நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பங்காளியே நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து ‘இவர் சிறுவயதைப் பற்றிப் புலம்புவது முறையா?’ என்று வாசகரைக் கேட்டால், வாசகருக்கு அந்தப் பங்கு தெரிய வேண்டாமா?

ஒட்டுக்கேட்பில் பணத்தால் அளக்க முடியாத சேதம் எது என்பதை உங்களில் அனுபவம் உள்ளவர்கள் அறிவார்கள். இளைய வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து செல்போனில் வாய்ஸ்மெயிலை வேறொரு போனிலிருந்தும் கேட்கலாம். நான்கு இலக்க ரகசிய எண் இருந்தால் போதும். பலர் அந்த எண்ணை மாற்றியதே இல்லை. கம்பெனி கொடுத்த எண்ணே கடைசிவரை இருக்கும். ஒருவர் அந்த போனுக்கு அழைத்து லைனைப் பிஸியாக வைத்திருப்பார். அதே நேரத்தில் இன்னொருவர் அழைத்தால் அழைப்பு நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகும். எண்ணை அழுத்த வேண்டியது, கேட்க வேண்டியது, அவ்வளவுதான். பூட்டு உடையாது, கைரேகை பதியாது. ஒரே ஒரு தடயம்தான் மிஞ்சும்: போனுக்குச் சொந்தக்காரர் இன்னும் கேட்காத செய்தி, ஏற்கெனவே கேட்டது என்ற கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்ப்பவர் போன் கோளாறு என்றுதான் நினைப்பார்.

2005 நவம்பரில் நியூஸ் ஆஃப் தி வேர்ல்டில் இளவரசர் வில்லியமின் முழங்கால் காயம் பற்றி ஒரு துணுக்கு வந்தபோதுதான் அரண்மனை ஊழியர்களுக்குப் பொறி தட்டியது. காயத்தைப் பற்றித் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விசாரணை நடந்து, 2007 ஜனவரியில் அந்தப் பத்திரிகையின் அரச குடும்பச் செய்தி ஆசிரியர் கிளைவ் குட்மனுக்கு 4 மாதமும் துப்பறிவாளர் கிளென் மல்கேருக்கு 6 மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சேதம் எங்கே என்று பாருங்கள். நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் பத்திரிகையில் வருகிறது. போனைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. அந்த நான்கு பேரைத்தான் சந்தேகிப்பார்கள். நண்பன் சொன்னானா, ஊழியர் விற்றாரா, அண்ணனின் அலுவலகத்திலிருந்து கசிந்ததா? நண்பனோடு பேச்சு நிற்கும். ஊழியர் இடம் மாற்றப்படுவார். அண்ணனிடம் சொல்ல வேண்டியதும் தொண்டையிலேயே நின்றுவிடும். 12 வயதில் தாயின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவனுக்கு நம்பத் தகுந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தச் சிறு வட்டத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுபோனால் கடைசியில் எஞ்சுவது யாரையும் நம்பாத ஒரு மனிதர். 2023 ஜூனில் சாட்சிக் கூண்டில் ஏறி அவர் சொன்னதன் சாரமும் இதுதான். 1891-க்குப் பிறகு பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது அதுவே முதல் முறை.

அதே மனிதர் பேட்டியில் ‘யாரையும் நம்ப முடியவில்லை’ என்றால், மறுநாள் கருத்துப் பக்கத்தில் அவருக்குச் சந்தேகப் புத்தி என்று எழுதுகிறார்கள். புண்ணைக் கீறிவிட்டவரே ‘எவ்வளவு நாள்தான் முனகுவாய்?’ என்று கேட்பது போல இருக்கிறது.

இதற்கு ஏற்ற விதி உங்கள் தொகுப்பிலேயே பாதி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பிரிவு 1-ன் கடைசி உட்பிரிவைப் பாருங்கள்: ஒரு பத்திரிகை தான் சம்பந்தப்பட்ட அவதூறு வழக்கின் முடிவை நேர்மையாகவும் சரியாகவும் வெளியிட வேண்டும். நல்ல விதி. ஆனால் அது அவதூறுக்கு மட்டும். அந்தரங்க அத்துமீறலுக்கு இல்லை, ஒட்டுக்கேட்புக்கு இல்லை. பிரிவு 13-க்கு வாருங்கள்: தனக்கோ தன் நெருங்கிய குடும்பத்துக்கோ கணிசமான பண ஆதாயம் உள்ள பங்குகளைப் பற்றி, ஆசிரியரிடம் அதைச் சொல்லாமல் செய்தியாளர் எழுதக் கூடாது. ஒரு கம்பெனிப் பங்கைப் பற்றி எழுதவே இவ்வளவு கட்டுப்பாடு. ஒருவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. பெற்றோரின் புகழையோ பதவியையோ மட்டும் காரணம் காட்டிக் குழந்தையின் சொந்த வாழ்வை வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 6. அந்தக் குழந்தை வளர்ந்து நின்று ‘என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கும்போது பத்திரிகை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

விதியை எப்படி எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ‘தோற்ற வழக்குகள்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இந்த வழக்குகளில் மிகப் பல தீர்ப்புவரை போவதே இல்லை. எதிர்த்தரப்பு தர முன்வந்த தொகையை மறுத்துவிட்டு, நீதிமன்றத்தில் அதைவிடக் குறைவாக வாங்கினால், அந்த மறுப்புக்குப் பிந்திய செலவை வழக்குப் போட்டவரே சுமக்க நேரும் என்பது இங்கிலாந்து நடைமுறை. 2024-ல் நடிகர் ஹியூ கிராண்ட் சன் நிறுவனத்தோடு சமரசம் செய்தபோது, குற்றச்சாட்டு முழுவதும் நிரூபணமானாலும் தம் தலையில் ஒரு கோடி பவுண்டுக்கு நெருக்கமான செலவு விழக்கூடும் என்று சொன்னார். நிறுவனமோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. போதாததற்குக் காலவரம்பு வேறு: ஆறு ஆண்டு. சன் நிறுவனத்துக்கு எதிராக ஹாரி தொடுத்த ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டு காலம் கடந்தது என்று 2023 ஜூலையில் அதே நீதிபதி ஃபேன்கோர்ட்தான் தள்ளுபடி செய்தார். மற்ற சட்டவிரோதத் தகவல் திரட்டல் பற்றிய பகுதி மட்டுமே தப்பியது. எனவே தீர்ப்பு, நட்டஈடு தந்த சமரசம், பகிரங்க மன்னிப்பு ஆகிய மூன்றையும் விதி குறிப்பிட வேண்டும். சமரசத் தொகை ரகசியம் என்றால் தொகையை விட்டுவிடலாம், சமரசம் நடந்ததைச் சொன்னால் போதும். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் பணம் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துப் போடட்டும்.

அடுத்து, ‘இந்தப் பத்திரிகை’ என்று எழுதாமல் ‘இந்தக் குழுமம்’ என்று எழுத வேண்டும். டெய்லி எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரியைப் பற்றிய செய்தி இல்லாமல் அதற்குப் பொழுது விடிவதில்லை. 2018 முதல் அது மிரரை வைத்திருக்கும் ரீச் நிறுவனத்தின் சொத்து. தீர்ப்பு மிரர் குழுமத்தின் மூன்று பத்திரிகைகளைப் பற்றியதுதான், எக்ஸ்பிரஸ் மீது அல்ல. ஆனாலும் நட்டஈடு கொடுத்ததும் விளம்பர வருமானத்தை வாங்குவதும் ஒரே கல்லாப்பெட்டி. எக்ஸ்பிரஸ் வாசகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இடம் முக்கியம். அச்சில் அதே பக்கத்தில், இணையத்தில் முதல் பத்திக்கு மேலே. அடியில் போட்டால் செல்போனில் விளம்பரங்களைத் தாண்டி யாரும் அங்கே போய்ச் சேர மாட்டார்கள். பத்திரிகைகளின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான இப்ஸோவுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் எழுதுகிறோம் என்று சொல்லித் தப்பிக்கவும் விடக் கூடாது. அந்த அறிக்கையைப் படிப்பவர்கள் அதை எழுதியவர்களாகத்தான் இருப்பார்கள். கருத்துக் கட்டுரைக்கு விலக்கு தரவே கூடாது, ஏனென்றால் குத்தல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. வேலைப்பளு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாருக்கு எப்போது பணம் கொடுத்தோம் என்ற பட்டியல் ஒவ்வொரு குழுமத்தின் சட்டப் பிரிவிலும் ஏற்கெனவே இருக்கிறது.

ஹாரி மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தன் சிறுவயது தன்னுடையது என்றாலும் அதில் தந்தையும் அண்ணனும் இருக்கிறார்கள். அவர்களோடு தனியாகப் பேசியதை நினைவுக் குறிப்பில் எழுதிப் பணம் பார்த்தவர் அவர். பதவியில் இருப்பதால் பதில் சொல்ல முடியாதவர்களை மேடையில் ஏற்றுவது அழகல்ல. ஆனால் இந்த வழக்கத்தை அவர் தொடங்கி வைக்கவில்லை. 1994-ல் வந்த அங்கீகரிக்கப்பட்ட வாழ்க்கை வரலாற்றில் தம் பெற்றோரையும் கார்டன்ஸ்டன் பள்ளியையும் பற்றிய மனக்குறையைச் சார்லஸும் வெளிப்படுத்தியவர்தான். 1992-ல் டயானாவின் கதையைத் தொடராகப் போட்டது சண்டே டைம்ஸ். ஹாரியின் புத்தகம் 2023 ஜனவரி 10-க்கு முன்பே ஸ்பெயினில் சில கடைகளுக்கு வந்துவிட்டபோது, ஸ்பானியப் பிரதியை அவசர அவசரமாக மொழிபெயர்த்துப் பக்கம் பக்கமாகப் பரிமாறியவை லண்டன் பத்திரிகைகள். பக்கத்திலேயே தலையங்கம்: வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வரலாமா? அந்தப் புத்தகத்துக்கு அவர் வாங்கிய பணத்தை மறக்காமல் எழுதுகிறீர்கள். நீங்கள் அவருக்குக் கொடுத்த பணத்தைத்தான் எழுத மறந்துவிடுகிறீர்கள்.

2021 மே மாதம் டைசன் அறிக்கை வந்தபோது பிபிசியை எப்படி உலுக்கினீர்கள் என்பதும் நினைவிருக்கிறது. போலி வங்கிக் கணக்கு ஆவணங்களைக் காட்டி 1995-ல் டயானாவின் பேட்டியைப் பெற்ற மோசடி அது, உலுக்கியது சரியே. அந்தப் பேட்டியை இனி ஒளிபரப்ப மாட்டோம் என்று 2022-ல் பிபிசி அறிவித்தது. அதை விற்றுக் கிடைத்த 14.2 லட்சம் பவுண்டை அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தது. உங்கள் உறுப்பினர்கள் எதைத் திருப்பிக் கொடுத்தார்கள்? ஒட்டுக்கேட்பு விவகாரத்தை ஒட்டிப் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவிசன் விசாரணையின் இரண்டாம் பகுதி 2018-ல் கைவிடப்பட்டபோது எத்தனை ஆசிரியர்கள் வருந்தினார்கள்? பத்து லட்சம் பவுண்டு வரை அபராதம் விதிக்கும் அதிகாரத்தோடு 2014-ல் பிறந்த இப்ஸோ, முதல் பத்து ஆண்டில் ஒரு பவுண்டுகூட விதிக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான பத்திரிகை உலகம் போலும்!

மன்னிக்கவும். கேட்க வந்தது அபராதம் அல்ல, அந்த இரண்டு வரிதான். யாருடைய வாயையும் அது கட்டாது. செய்தி மூலங்களைக் காக்கும் பிரிவு 14-ஐத் தொடாது. ‘ஹாரி புலம்புகிறார்’ என்று எழுத நினைப்பவர் தாராளமாக எழுதலாம்.

உங்கள் வசதிக்காக மாதிரி வாசகங்களையும் தருகிறோம். ரீச் பத்திரிகைகளுக்கு: ‘இக்குழுமத்தின் மிரர் பத்திரிகைகள் சட்டவிரோதமாகத் தகவல் திரட்டியதற்காக, இச்செய்தியில் பேசப்படுபவருக்கு 1,40,600 பவுண்டு நட்டஈடு தர நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது.’ சன் பத்திரிகைக்கு: ‘இச்செய்தியில் பேசப்படுபவரின் சொந்த வாழ்வில் 1996 முதல் 2011 வரை ஊடுருவியதற்காக எங்கள் நிறுவனம் 2025-ல் அவரிடம் மன்னிப்புக் கேட்டு நட்டஈடு தந்தது.’ சொல்லை மாற்றலாம், சுருக்கலாம். ஆண்டையும் செயலையும் விட்டுவிடாதீர்கள்.

நெறித்தொகுப்பை அடுத்த முறை திருத்தும்போது, பிரிவு 1-ல் அவதூறு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தரங்க அத்துமீறலையும் சேர்த்து, அந்த இரண்டு வரியைக் கட்டாயமாக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் செய்திகளைத் தமிழில் மறுநாளே படிக்கும் வாசகர்கள்