சிவப்பு மையும் கொண்டல் காற்றும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதவே வரவில்லை என்று வருந்தி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆனால், வீட்டில் பேசும் கொச்சைதான் எழுத்தைக் கெடுக்கிறது என்று அவர் கண்டிருக்கும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மண்ணடி அச்சகங்களில் முப்பத்தோரு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன் நான். பிழை திருத்தியே பிழைத்தவன். ஒற்று ஒன்று மிகுந்தாலும் குறைந்தாலும் இன்றும் கண்ணில் உறுத்தும். ஆகவே, பிழைக்குப் பரிந்து பேச வந்தவன் என்று என்னை யாரும் எண்ணிவிட வேண்டாம்.

ஓய்வுக்குப் பிறகு, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மாலை வேளைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து அமர்ந்து படிக்கிறார்கள். பெரும்பாலோர் காசிமேட்டில் கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன் சென்ற ஐப்பசியில் தன் கட்டுரை நோட்டை என்னிடம் கொண்டுவந்தான். தலைப்பு, மழைக்காலம். 'வாட காத்து அடிச்சா எங்க நைனா கடலுக்குப் போவாது. கொண்டல் வந்தா அம்மா கருவாட்ட உள்ள எடுத்து வெச்சிரும்' என்று தொடங்கியிருந்தான். அந்த இரண்டு வரிகளில் சிவப்பு வட்டம் விழாத சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'நைனா' அடிக்கப்பட்டுத் 'தந்தை' ஆகியிருந்தது. 'கொண்டல்' என்ற சொல்லின்மேல் ஒரு கேள்விக்குறி. பத்துக்கு மூன்று மதிப்பெண்.

'காத்து' என்பதைக் 'காற்று' என்றும் 'அடிச்சா' என்பதை 'அடித்தால்' என்றும் திருத்தியது சரி. நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கொண்டல் என்ன பிழை செய்தது? கீழ்க்காற்றுக்கும் மழைமேகத்துக்கும் சங்கப் பாடல்களிலேயே வழங்கும் பெயர் அது. வாடைக்காற்றோ பத்துப்பாட்டில் ஒரு பாட்டின் பெயரிலேயே வீசுகிறது. நெடுநல்வாடையைக் கல்லூரியில் பாடம் கேட்ட நமக்கு, வாடை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை உரையைப் பார்த்துத்தான் சொல்லத் தெரிகிறது. இந்தப் பிள்ளைக்கு அது தகப்பன் கடலுக்குப் போகிறாரா, வீட்டில் இருக்கிறாரா என்ற செய்தி.

'நைனா போவாது', 'அம்மா வெச்சிரும்' என்ற இடங்களும், மனிதரை அஃறிணையாகச் சொன்ன திணைப்பிழை என்று வட்டமிடப்பட்டிருந்தன. எழுத்துத் தமிழில் அவை பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், மாட்டைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் அது வழு அன்று, உவப்பினால் வந்த திணை வழுவமைதி, அதாவது இலக்கணம் ஏற்றுக்கொண்ட விலகல் என்று கற்பிக்கிறோம். உவப்பினும் உயர்வினும் பாலும் திணையும் மயங்கலாம் என்று நன்னூல் எழுதிய பவணந்தியார் இடம் கொடுத்திருக்கிறார். மாட்டை அம்மையாக்கினால் இலக்கணம், அம்மாவை அன்பு மிகுதியால் 'வந்துச்சு' என்று சொன்னால் கொச்சையா? நூற்பாவின் உரையாசிரியர்கள் எனக்குத் துணை வருவார்களோ மாட்டார்களோ, வடசென்னையில் தாயையும் தகப்பனையும் பிள்ளைகள் இப்படிச் சொல்வது அவமதிப்பினால் அன்று என்பதை இங்கே வாழ்கிற எவரும் அறிவார்கள். அதை விளக்கிவிட்டு, 'எழுதும்போது மட்டும் அம்மா வைத்துவிடுவார் என்று எழுதப்பா' என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

இந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. மொழிப்பாடம் என்பது மொழி இல்லாத பிள்ளைக்கு மொழியைக் கொடுக்கும் வேலையா, மொழியோடு வந்திருக்கும் பிள்ளைக்கு அதன் இன்னொரு வடிவத்தைக் காட்டும் வேலையா? தொல்காப்பியப் பாயிரம் 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்கிறது. அந்நூல் ஆராய்ந்த மூலங்கள் இரண்டு: மக்கள் பேசும் வழக்கு, புலவர் பாடும் செய்யுள். அவற்றுள் வழக்கு முதலில் நிற்கிறது. நம் வகுப்பறையில் செய்யுள் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, வழக்கு வாசலில் செருப்போடு நிற்கிறது. வழக்கென்பது உயர்ந்தோர் வழக்கே என்று அதே தொல்காப்பியம் மரபியலில் சொல்கிறதே என்று புலவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காற்றின் பெயர் பற்றிய வழக்கில், இருட்டோடு எழுந்து முகத்தில் படும் காற்றை வைத்துப் படகை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவரைவிட உயர்ந்தோர் யார்?

எழுத்துத் தமிழிலிருந்து விலகிப் பேசுவது வடசென்னைக்கு மட்டும் உரியதும் அன்று. மயிலாப்பூரிலோ மதுரையிலோ எந்த வீட்டிலும் 'அவன் படித்தான்' என்று பேசிக்கொள்வதில்லை, எல்லோருக்கும் 'படிச்சான்'தான். இப்படிப் பேச்சுக்கு ஒன்றும் எழுத்துக்கு ஒன்றுமாக ஒரு சமூகம் இரு வடிவங்களை வைத்திருப்பதை ஆராய்ந்து, 1959இல் சார்லஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. இரட்டை வழக்கு என்று நாம் அதைச் சொல்கிறோம். தூரம் எல்லோருக்கும் உண்டு என்றால், கொச்சை என்ற பெயர் மட்டும் ஏன் பேசின் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒட்டிக்கொள்கிறது?

அந்தத் தூரத்தைப் பிள்ளைகளே அளந்து பார்க்க முடியும் என்பதைக் கண்ணால் கண்டதால் சொல்கிறேன். ஒரு மாலை, கரும்பலகையில் எடுத்தான், கொடுத்தான், நடந்தான், பறந்தான் என்று ஒரு பக்கமும், அடித்தான், சிரித்தான், தெரிந்தது, உடைந்தது, காய்ந்தது என்று மறுபக்கமும் எழுதி, வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். முதல் வரிசையில் மாற்றமில்லை. இரண்டாவதில் அடிச்சான், சிரிச்சான், தெரிஞ்சுது, ஒடஞ்சுது, காஞ்சுது என்று வந்தது. ஏன் என்று நான் சொல்லவில்லை. சிறிது நேரம் முணுமுணுத்துவிட்டு ஒரு பெண், 'தாத்தா, முன்னாடி இ வந்தாத்தான் ச்ச வருது' என்றாள். உடைந்ததைக் காட்டி, 'ஐயும் சேத்துக்கோ' என்றான் பக்கத்தில் இருந்தவன். கருவாடு காய்ந்த வீட்டுப் பிள்ளை யகர மெய்யையும் கண்டுபிடித்துவிட்டது. இகரம், ஐகாரம், யகரம் ஆகியவற்றின்பின் வரும் த்த, ந்த ஆகியவை பேச்சில் ச்ச, ஞ்ச ஆகும் என்ற விதியை நான்கு பிள்ளைகள் கால் மணி நேரத்தில் எழுதி முடித்தார்கள். உடனே ஒரு குறும்பன், 'அப்போ இஞ்சிய இந்தின்னு எழுதணுமா தாத்தா?' என்றான். (அந்தப் பெரிய விவாதத்துக்குள் இக்கடிதத்தில் நான் நுழையப்போவதில்லை.) சிரித்து ஓய்ந்தபின், அவனுக்கு விடை சொல்வதற்காகவே பெயர்ச்சொல், வினைச்சொல், இறந்தகால இடைநிலை ஆகியவற்றைத் தொட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் கேட்டு இலக்கணம் வந்த நாள் அது. 'காஞ்சுது' என்று பேசுகிற அந்தப் பெண் இப்போது 'காய்ந்தது' என்று தயங்காமல் எழுதுகிறாள், பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

மெய்யியலாளர் விட்கன்ஸ்டைன் 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தன் மொழியின் எல்லைகளே தன் உலகின் எல்லைகள் என்று எழுதிய மனிதர், வட்டார வழக்கு பேசும் உழவர் வீட்டுப் பிள்ளைகளின் எழுத்துப்பிழைகளை எதிர்கொண்டபோது, அவர்களையே ஆளுக்கொரு சொல் நோட்டு எழுத வைத்தார். அந்த அனுபவத்திலிருந்து, அப்பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு அவர் தொகுத்த பள்ளி அகராதி 1926இல் அச்சாயிற்று. பிழையைப் பிள்ளையே தேடித் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். (பிள்ளைகளை அடிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு, அதே ஆண்டில் ஒரு மாணவன் அடிபட்டு மயங்கி விழுந்த பிறகு வேலையை விட்டார். அகராதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

நம்மிடமும் இதற்குக் குறைவில்லை. ஆசிரியர் சொல்வதை முழுதும் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் கால் பங்கு. மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் மீதி அரைப் பங்கு என்று கணக்குச் சொன்னது நன்னூல். 1789இல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதை நூலாக்கினார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அந்த ஊர்ப் பெயர் கல்வி முறையோடு சேர்ந்தபோது பெருமையாகவும், பாஷையோடு சேரும்போது ஏளனமாகவும் ஆனது விந்தைதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. நாற்பது நோட்டுகளை ஒரே இரவில் திருத்துகிறவருக்குக் கொண்டலைத் தேடிப் பார்க்க நேரம் ஏது? அதனால்தான் கேட்பதைச் சிறிதாகக் கேட்கிறேன். பேச்சு வடிவம் எழுத்தில் நுழைந்த இடத்துக்கும் உண்மையான பிழைக்கும் ஒரே சிவப்பு வட்டம் வேண்டாம். முன்னதற்குப் பென்சிலால் ஒரு கோடு போதும், மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையும் மாநகராட்சியும் ஆறாம் வகுப்புவரையிலாவது இதை ஒரு சுற்றறிக்கையாகத் தரலாம். வாரத்தில் ஒரு தமிழ்ப் பாடவேளையில், பிள்ளைகள் தம் வீட்டுத் தொழிலின் சொற்களைச் சொல்ல, ஆசிரியர் எழுதிக்கொள்ளட்டும். இதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.

எங்கள் தாழ்வாரத்துப் பிள்ளைகள் இப்படி இருநூறுக்குச் சற்று அதிகமான சொற்களை ஒரு நோட்டில் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருளும், எழுத்துத் தமிழில் ஒரு வாக்கியமும் உண்டு. மெய்ப்பு நான் பார்த்துவிட்டேன். தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஐந்து சொற்களுக்கு இடம் கிடைக்குமானால், படியெடுத்து அனுப்பிவைக்கிறேன். முதல் பக்கம் முழுவதும் காற்றின் பெயர்கள்; அதை எழுதியவன் அந்தப் பத்துக்கு மூன்று வாங்கிய சிறுவன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.