எழுதி வாங்கப்பட்டதாம், யார்கிட்ட?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒரு பாட்டு உருவான கதைய அஞ்சு பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க. ஒரு எழுத்து விடாம படிச்சேன். மெட்டு எந்த ஹோட்டல் ரூம்ல பிறந்துச்சு, நாதஸ்வரம் வாசிச்சவர் எந்த ஊரு, மிக்சிங் பண்ணவர் எத்தனை ராத்திரி தூங்கல, டிரோன் ஓட்டின தம்பி பேரு, அவரோட போட்டோ, ஹீரோயின் கட்டின புடவைய டிசைன் பண்ணவங்க பேரு, எல்லாம் இருந்துச்சு, சந்தோஷம். நாலாவது பக்கத்துல ஒரே ஒரு வரி: "மெட்டு முடிவானதும் பாடல் எழுதி வாங்கப்பட்டது." அவ்ளோதான். யார்கிட்டங்க வாங்கினாங்க? மளிகைக் கடையில கால் கிலோ சீரகம் வாங்கின மாதிரில்ல இருக்கு. அதே கட்டுரையில கட்டம் கட்டி பெரிய எழுத்துல பாட்டோட நாலு வரி போட்டிருக்கீங்க, சரி அதுக்குக் கீழயாவது எழுதினவர் பேர் இருக்கும்னு பார்த்தா பாடினவர் பேர் இருக்கு.

தெரியாம நடந்துச்சுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். 'தூங்காதே தம்பி தூங்காதே' பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினதுன்னும், 1959ல அவர் போனப்போ வயசு 29தான்னும் உங்க ஆபீஸ்ல நேத்து சேர்ந்த பையனே சொல்லுவான். ஆனா தேர்தல் வந்தா உங்க பக்கத்துல அது "எம்.ஜி.ஆர். அன்றே சொன்னார்". 'நான் ஆணையிட்டால்' பாட்டுக்கும் அதே கதைதான், வாலி எழுதினதுன்னு ஒரு மூலையில கூட வராது. அதே வாலி ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டு போஸ்ட் கார்டுல எழுதி அனுப்பின 'கற்பனை என்றாலும்' பாட்டு இன்னிக்கும் முருகன் கோயிலுக்குக் கோயில் ஒலிக்குது, கேட்டா "டி.எம்.எஸ். பாட்டு"ங்கறாங்க. டி.எம்.எஸ். குரல் தெய்வம்தான், நான் ஒண்ணும் குறைச்சு சொல்லல. கார்டு போட்டவருக்கும் ஒரு பேர் இருக்குல்ல.

முன்னாடி உங்க வினாடி வினாவுல 'மணப்பாறை மாடுகட்டி' எழுதினவர் யாருன்னு கேட்டு, விடையில பட்டுக்கோட்டைன்னு போட்டீங்க. அது மருதகாசிங்க. படம் 'மக்களைப் பெற்ற மகராசி', 1957. நான் லெட்டர் போட்டேன், திருத்தம் வரல, எனக்குப் பதிலும் வரல, ஆனா சந்தா புதுப்பிக்கச் சொல்லி மட்டும் கரெக்டா கடிதாசி வந்துச்சு.

இவனுக்கு ஏன் இவ்ளோ கோபம்னு நினைப்பீங்க, அதையும் சொல்லிடறேன். தொண்ணூறுகள்ல சென்னையில ஒரு கேசட் கம்பெனிக்கு அம்மன் பாட்டு, ஐயப்பன் பாட்டுன்னு நானும் எழுதிக் கொடுத்தவன். சாயங்காலம் ஒரு கேசட்ட கையில கொடுப்பாங்க, அதுல இசையமைப்பாளர் "தானே தனனானே"ன்னு பாடி வச்சிருப்பார், மறுநாள் காலையில பாடகர் வந்துருவார் அதுக்குள்ள பாட்டு ரெடியா இருக்கணும். மெட்டுல குறில் விழற இடத்துல நெடில் வச்சா பாடும்போது இழுத்துக்கிட்டுப் போகும், மூச்சு எடுக்க இடம் விடலேன்னா பாடகர் முறைப்பார், வர்றவருக்கு ழகரம் வராதுன்னு தெரிஞ்சா சரணம் முழுக்க ழ இல்லாமயே எழுதணும், அம்மன் பாட்டுல வேழம் கிடையாது விழி கிடையாது கழல் கிடையாது, எழுதிப் பாருங்க தெரியும். பாடகர் வந்து நான் சொல்லச் சொல்ல அவர் பாஷை எழுத்துல எழுதிக்கிட்டு ஒரு மணி நேரத்துல பாடி முடிச்சுட்டு காபி சாப்பிட்டுப் போயிடுவார். எனக்கு ஆல்பத்துக்கு மொத்தமா ஒரு தொகை, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல ஒரு கையெழுத்து. அந்தப் பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு படிக்க யாரும் டைம் கொடுத்ததில்ல, வாடகை கட்டற அவசரத்துல நானும் கேட்டதில்ல.

கேசட் அட்டையில பொடி எழுத்துல பேர் இருந்துச்சு. அதையே சிடியா போட்டப்போ பேரக் காணோம். இப்ப யூடியூப்ல கம்பெனி பேர் இருக்கு, பாடினவர் பேர் இருக்கு, கீழ "அம்மா தாயே"ன்னு ஆயிரக்கணக்குல கமென்ட் இருக்கு. ஆடி மாசம் எங்க ஊர்ல மைக் செட்காரர் விடிகாலையிலயே அந்தப் பாட்டத்தான் போடறார். என் அக்கா பேத்தி போன்ல அதை வச்சுக்கிட்டு "தாத்தா, இந்தப் பாட்டக் கேளேன், செமயா இருக்கு"ங்கறா. நான் எழுதினதும்மான்னு சொன்னா சிரிக்கறா, பேரு எங்க தாத்தா போட்டிருக்குன்னு கேக்கறா. அவளச் சொல்லிக் குத்தமில்ல.

சட்டம் இருக்கேன்னு சொல்லுவீங்க. இருக்கு. 1977ல சுப்ரீம் கோர்ட் பணம் போட்ட தயாரிப்பாளருக்குத்தான் உரிமைன்னு சொல்லிடுச்சு, அப்புறம் 2012ல தான் காப்பிரைட் சட்டத்தைத் திருத்துனாங்க, ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவுல நின்னு அதுக்காகப் பேசினார், அவரும் பாட்டு எழுதறவர்தானே. தியேட்டர்ல படத்தோட ஓடறது தவிர டிவி, ரேடியோ, செல்போன்னு வேற எங்க பாட்டு ஓடினாலும் எழுதினவருக்கும் ராயல்டியில பங்கு உண்டு, வாரிசுக்கோ, ராயல்டிய வசூல் பண்ணிக் கொடுக்கற காப்பிரைட் சொசைட்டிக்கோ தவிர வேற யாருக்கும் அந்தப் பங்க எழுதிக் கொடுக்கவும் முடியாது. நல்ல சட்டம். எங்க காலத்து ஸ்டாம்ப் பேப்பருக்கு அது செல்லுமான்னு வக்கீலக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. சரி, பணம் போகட்டும் விடுங்க. எழுதினவர் யாருன்னே வெளிய தெரியலேன்னா அந்தப் பங்க யார் போய்க் கேக்கறது? பேர அச்சுல போடறது உங்க வேலைதானே, அதுக்கு எந்தச் சட்டமும் வேண்டாமே!

நா. முத்துக்குமார் 2016 ஆகஸ்ட்ல 41 வயசுல போனப்போ நீங்க பக்கம் பக்கமா எழுதினீங்க, அட்டைப்படம் போட்டீங்க, படிச்சு நானும் அழுதேன். 'தங்க மீன்கள்', 'சைவம்'னு அடுத்தடுத்து ரெண்டு வருஷம் தேசிய விருது வாங்கின மனுஷன். அவர் இருந்தப்போ உங்க வாராந்திர டாப் டென்ல அவர் பாட்டு எத்தனை வந்திருக்கும், ஒரு தடவையாவது பாட்டுக்கு நேரா அவர் பேர் இருந்துச்சா? படம் இருக்கும், ஹீரோ இருப்பார், இசை இருக்கும். செத்தாத்தான் பாடலாசிரியருக்கு இடம்னு ஒரு விதி வச்சிருக்கீங்களோ என்னவோ.

"பாட்டு புரியவே மாட்டேங்குது, எல்லாம் இங்கிலீஷு"ன்னு ஒரு கட்டுரை வந்தா மட்டும் முதல் வரியிலயே பாடலாசிரியர் பேர் கரெக்டா வந்துடுது. திட்டறதுக்கு அட்ரஸ் தெரியுது உங்களுக்கு.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த இதழ்ல அந்தப் பாட்டை எழுதினவர் பேரை ஒரு வரி போடுங்க. அவர் யாருன்னு நான் ஏன் எழுதலேன்னா, படத்தோட டைட்டில் கார்டுலயே இருக்கு, உங்க நிருபர் பார்த்துக்கட்டும். இனிமே பாட்டு வரிய எடுத்துப் போட்டா கீழ எழுதினவர் பேரையும் சேர்த்துப் போடுங்க, டாப் டென்ல எழுதினவர் பேருக்கும் ஒரு கட்டம் சேருங்க. இடம் பத்தலேன்னா புடவை டிசைனர் கோவிச்சுக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போடுவீங்கன்னு தெரியும். சுருக்கினாலும் மருதகாசி பேரை மட்டும் வெட்டிடாதீங்க, அந்தத் திருத்தம் இன்னும் பாக்கி இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்,
மன்னார்குடி