மன்செஸ்ரரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். வட்ஸ்அப்பில் நீ போடுகிற கை கூப்பிய படத்தை வைத்து வேறென்ன நினைக்கிறது? கோல் எடுத்தால் வேலை என்கிறாய். தம்பியோடு மட்டும் கதைக்கிறாய் போல. சரி, அவனோடாவது கதைக்கிறாயே. ஆறுதலாக வாசிப்பாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாமி என்னை லண்டன் கிங்ஸ்ரனில் ரோஸ் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். 'மேரி அண்ட் ரொசெற்றா' என்று ஒரு இசை நாடகம். ரொசெற்றாவாக நடித்தது பாடகி பெவர்லி நைற். உள்ளே போகும்வரை யாரைப் பற்றிய நாடகம் என்று எனக்குத் தெரியாது. நிகழ்ச்சிப் புத்தகத்தில் படத்தைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. உன் அறைச் சுவரில் வெள்ளைக் கிற்றாரோடு நிற்கிற அந்தப் பாடகி, சிஸ்ரர் ரொசெற்றா தார்ப்! அந்தப் படத்தை நான் இன்னும் கழற்றவில்லை. கீழ் மூலை பிய்ந்திருந்தது, ரேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

மேடையில் இரண்டே இரண்டு பெண்கள்தான். 1946, மிசிசிப்பி. கறுப்பினப் பெண்கள் என்று எந்த ஹோட்டலிலும் இடம் கொடுக்கமாட்டார்கள், அதனால் பிரேதப் பெட்டிகள் அடுக்கிய ஓர் அறையில் ராத் தங்குகிறார்கள். மேரி நைற் சபையில் அடக்கமாகப் பாடிப் பழகியவர். ரொசெற்றாவின் தாளத்துக்கு உடம்பை அசைக்கவே கூச்சப்படுகிறார். ரொசெற்றா அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக்கொண்டு வருகிறார். இரண்டு குரலும் முதல் தரம் ஒன்றுசேர்ந்த இடத்தில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். பெவர்லி நைற்றின் குரலைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. நீ கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் நீ இல்லையே என்றுதான் முழு நேரமும் இருந்தது.

வீட்டுக்கு வந்து தம்பியைக் கொண்டு தேடுவித்து அந்தப் பெண்ணின் சரித்திரம் முழுக்கப் படித்தேன். நான் தேடியது அவருடைய அம்மாவைத்தான். கேற்றி பெல் நூபின் என்று பெயர். ஆர்கன்சாவில் கொற்றன் பிளான்ற் என்ற ஊரில் பஞ்சு பொறுக்கிப் பிழைத்த பெண். மன்டலின் வாசிப்பார், சபையில் பிரசங்கம் பண்ணுவார். பெந்தெகொஸ்தே சபை, பிள்ளை. கைதட்டி, மேளம் அடித்து ஆராதிக்கிற, எங்களுடையதைப் போன்ற சபை. 1915இல் ரொசெற்றா பிறந்தார். நாலு வயதில் கிற்றார். ஆறு வயதில் தாயோடு ஊர் ஊராக ஊழியக் கூட்டங்களில் வாசிப்பு. புருஷனை விட்டுவிட்டு, கையில் ஒரு சின்னப் பிள்ளையோடு அந்தத் தாய் சிக்காகோ வரை போயிருக்கிறார். 1920களில் ஒரு கறுப்பினப் பெண் தனியாக இதைச் செய்திருக்கிறார் என்றால் எவ்வளவு துணிவு வேண்டும்!

1938இல் ரொசெற்றா நியூயோர்க் போய் கொற்றன் கிளப்பில் பாடினார். குடியும் கூத்துமான இடத்தில் கர்த்தருடைய பாட்டு. அந்த வருடமே டெக்கா கம்பனியில் ரெக்கோர்ட். அந்த டிசம்பரிலேயே கார்னகி ஹோல் என்ற பெரிய இசையரங்கின் மேடை. சபையில் ஒரு பகுதி அவரைத் திட்டித் தீர்த்தது. ஆனால் தாய் விடவில்லை. மகள் கிளப்பில் பாடினாலும் தாய் ஊழியக்காரிதான், அவருக்கு இவர் மகள்தான். 1960இல், எண்பது வயதை ஒட்டி, அந்தத் தாய் தன் பெயரிலேயே ஒரு இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார். அதை வாசித்தபோது சந்தோஷத்தில் அப்பாவை எழுப்பிச் சொன்னேன்.

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன்? உனக்கு இதெல்லாம் பதினைந்து வயதிலேயே தெரியும். எனக்குத்தான் இப்போது தெரியவந்திருக்கிறது.

அப்பாவுக்கு பிரஷர் இப்போது பரவாயில்லை. தோட்டத்தில் வெண்டி வைத்திருக்கிறார், வருமோ தெரியாது. உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, சைக்கிளில் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. கையுறை போடு. விரல் விறைத்தால் வாசிக்க ஏலாது.

வாசிக்கிறாயா?

கிற்றாரை விற்கப்போகிறாய் என்று தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைக் கோபிக்காதே, நான்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். காசுக் கஷ்டம் என்றால் சொல், பிள்ளை. காசுக்காக இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் சபை மூப்பர் அன்றைக்குச் சொன்னது உன் மனதில் கிடக்கிறது. கிளப்பில் வாசிக்கிற கை ஆராதனையில் வாசிக்கக்கூடாது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். நீ ஒரு சொல்லும் பேசாமல் வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு சபைக்கும் வரவில்லை. சபைக்கு வராதது எனக்கு வருத்தம்தான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் வாசிப்பையும் விடுவது என்ன நியாயம்? அவர் சொன்னது சபையில் வாசிக்காதே என்று. வீட்டிலும் வாசிக்காதே என்று யார் சொன்னது?

போன ஞாயிறு நான் அவரிடம் போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். ரொசெற்றாவைப் பற்றிச் சொன்னேன். 1945இல் அவருடைய 'ஸ்ரேஞ்ச் திங்ஸ் ஹப்பினிங் எவ்ரி டே' அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பாட்டுகளுக்கான வரிசையில் இரண்டாம் இடத்துக்கு வந்தது, ரொக் அண்ட் ரோலுக்கு வழி திறந்த பாட்டுகளில் அதுவும் ஒன்று என்கிறார்கள், அது முழுக்க முழுக்க வேதப் பாட்டு என்று சொன்னேன். பிறகு ரொக் அண்ட் ரோலில் பேர்பெற்ற லிற்றில் ரிச்சர்ட் பதினாலு வயதில் முதல் முதலாகப் பெரிய மேடை ஏறியது இவர் கூப்பிட்டு ஏற்றியதால்தான் என்றும் சொன்னேன். கடைசியாக, என் மகளை எல்லோருக்கும் முன்னால் அப்படிச் சொன்னது சரியில்லை என்று சொன்னேன். ஜெபிக்கிறேன் என்றார். ஜெபிக்கட்டும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

நீ வேலைக்குப் போகிற அந்த ஃபலோஃபீல்ட் லூப் சைக்கிள் பாதை, அது பழைய றெயில் பாதை. அதில்தான் வில்பிரகாம் ரோட் ஸ்ரேசன் இருந்தது. 1958இல் மூடிவிட்டார்கள். 1964 மே மாதம் கிரனடா ரீவிக்காரர் அந்த ஸ்ரேசனை ஒரு அமெரிக்கத் தென்மாநில ஸ்ரேசன் போலச் சோடித்து அங்கே ரொசெற்றாவைப் பாடவைத்தார்கள். தம்பி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். சனம் ஒரு பக்கத்து மேடையில், பாடுகிறவர்கள் மற்றப் பக்கத்தில், நடுவில் தண்டவாளம். குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். நல்ல மழை. நீளமான வெள்ளைக் கோட், குதி உயர்ந்த சப்பாத்து. கிற்றாரைக் கொழுவிக்கொண்டு, மழைக்குத் தோதாக 'டிட்ன்ற் இற் றெயின்' என்று தொடங்குகிறார். அந்த விரல் ஓடுகிறதைப் பார். ஐம்பதை எட்டப்போகிற மனுசி! தம்பி அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டான்.

ரொசெற்றாவின் கடைசிக் காலம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தாய் முன்னமே போய்விட்டார். 1970இல் இவருக்குப் பாரிசவாதம். பிறகு சீனி வியாதியில் ஒரு கால் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பாடியிருக்கிறார். 1973இல் பிலடெல்பியாவில் இறந்தபோது அடக்கத்துக்கு முன் முகத்தையும் தலையையும் சோடித்துவிட்டவர் மேரி. புதைத்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் இரசிகர்கள் காசு சேர்த்து ஒரு கல் வைத்தார்கள். 1951இல் வொஷிங்டன் விளையாட்டு மைதானத்தில் இவருடைய கல்யாணத்துக்கு ரிக்கெற் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் வந்தார்களாம், அவ்வளவு பேரும் பிறகு எங்கே போனார்கள்?

சீனி என்றதும் சொல்கிறேன், அம்மம்மாவுக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். எனக்கும் எல்லையில் நிற்கிறது. நீ இரத்தம் சோதித்தாயா? ஒரே பாஸ்ராவைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்காதே. கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, பார்த்தாயா?

விஷயத்துக்கு வருகிறேன். கிற்றார் இன்னும் கையில் இருக்கிறது என்றால், அந்த மழைப் பாட்டை ஃபோனில் பதிந்து அனுப்பு. பிழை பிழையாக வந்தாலும் அனுப்பு. விற்றாயிற்று என்றால் யாருக்கு விற்றாய், எவ்வளவுக்கு விற்றாய் என்று எழுது. அப்பாவோடு கதைத்துவிட்டேன். காசைக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம் என்கிறார். அவரே றெயின் ஏறி வருவாராம். கிளப்பில் நீ வாசிக்கிற நாளைச் சொன்னால் நானும் வருவேன், பின்னுக்கு ஒரு கதிரை போதும்.

அன்புடன்,
அம்மா

பி.கு. இரத்தம் சோதித்தாயா இல்லையா என்று முதலில் அதற்குப் பதில் போடு.