செயலாளரின் ஆண்டறிக்கை: நினைவுப் பீரங்கிகளின் பராமரிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது சங்கத்தின் பொறுப்பிலுள்ள மூன்று பீரங்கிகளின் இன்றைய நிலையையும், இவ்வாண்டு நடைபெற்ற பணிகளையும், எஞ்சியுள்ள வேலைகளையும் செயற்குழுவின் சார்பில் முன்வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில், மணல் பீய்ச்சித் துருவை அகற்றிவிட்டுப் பீரங்கிகளுக்குப் புதுவண்ணம் பூசவேண்டும் என்று உறுப்பினர் சிலர் வலியுறுத்தினர். செயற்குழு அதற்கு இணங்கவில்லை. முதல் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட பீரங்கிகள் 1918க்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பல ஊர்களுக்கு நினைவுச்சின்னங்களாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றுள் பல, இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தேவைக்காக உருக்கப்பட்டுவிட்டன. தப்பிப் பிழைத்த ஒரு பீரங்கி எங்கு வார்க்கப்பட்டது, எந்தக் களத்தில் எந்தப் படைப்பிரிவால் கைப்பற்றப்பட்டது என்பதை அறிய, குழலின் பின்புறத்தில் பொறித்த எண்ணும் ஆண்டும், கேடயத் தகட்டில் படைவீரர்கள் எழுதிவைத்த எழுத்துகளுமே பெரும்பாலும் நமக்குள்ள சான்றுகள். மணலைப் பீய்ச்சினால் முதலில் அழிபவை இவைதாம். அதன்பின் நம்மிடம் மிஞ்சுவது பெயரற்ற இரும்பு.

ஆகவே, நம்மிடமுள்ள 77 மி.மீ. ஜெர்மன் களப் பீரங்கியின் பொறிப்புகள் அனைத்தும் முதலில் ஒளிப்படம் எடுக்கப்பட்டன. மங்கியவற்றின்மேல் தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்துப் படியெடுத்தோம். அதன் பிறகே பழைய வண்ணப் பூச்சு அடுக்கடுக்காகக் கையால் நீக்கப்பட்டது. பழம்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் பணியாற்றியோர் முகக்கவசம் அணிந்தனர். சுரண்டிய தூள் தனியே சேகரிக்கப்பட்டது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. அதைக் குறையாக நான் கருதவில்லை.

இப்பீரங்கியின் மரச்சக்கரங்கள்தாம் நமக்குப் பெருங்கவலை. குடமும் ஆரக்கால்களும் ஓரளவு உறுதியாக இருப்பினும், தரையைத் தொடும் வட்டைகள் ஈரத்தால் உளுத்துள்ளன. அச்சின் கீழ் இரும்புத் தாங்கிகளை நிறுத்திச் சக்கரங்களின் மீதிருந்த பாரத்தை இறக்கியிருக்கிறோம். குழலைக் காத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: 1918 ஆகஸ்ட் 8 அன்று பிரான்சின் ஆமியென் நகருக்கு அருகே ஆஸ்திரேலியப் படையினர் வசமான 28 செ.மீ. ரயில் பீரங்கியின் குழல் மட்டுமே இன்று கான்பராவில் எஞ்சியிருக்கிறது. அதன் வண்டிப்பகுதி பின்னாளில் உடைக்கப்பட்டுவிட்டது. அது தண்டவாளத்தில் ஓடிய பீரங்கி என்பதைப் பார்வையாளருக்கு இப்போது எழுதித்தான் விளக்கவேண்டும்.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வார்ப்பிரும்புப் பீரங்கியில் முதலில் செய்த வேலை, அது காலியாக உள்ளதா என்று பார்த்ததே. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவுக்குச் சொந்தமான ஒரு பழம்பீரங்கியை 2013இல் தூய்மை செய்தபோது உள்ளே வெடிமருந்தும் குண்டும் இருந்தன என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். நமது பீரங்கியின் உள்ளாழத்தைக் கழியால் அளந்து வெளிநீளத்தோடு ஒப்பிட்டோம். அடைப்பு எதுவும் இல்லை. ஆனால் உப்புக் காற்றில் நெடுங்காலம் நின்ற வார்ப்பிரும்பு, வெளித்தோற்றம் குலையாமலே உள்ளூர இரும்பை இழந்து, கத்தியால் சுரண்டுமளவுக்கு மென்மையாகிவிடும். குழல்வாய்ப் பகுதியில் அந்த அறிகுறி தெரிவதால் அங்கு கம்பித் தூரிகையைப் பயன்படுத்தத் தடை விதித்துள்ளோம். துரு மேலும் பரவாமல் தடுக்கும் டேனிக் அமிலப் பூச்சும் அதன்மேல் மெழுகும் இடப்பட்டுள்ளன. மழைநீர் புகாதபடி வாயை அடைத்த மரமூடியில், உள்ளே ஈரம் தேங்காதிருக்கச் சிறு காற்றுத்துளை விடப்பட்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து 25 பவுண்டர் (ஏறத்தாழ 25 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும்) பீரங்கியில் வண்ணம் தவிர வேறெதையும் தொடவில்லை. சுடும்போது பின்னோக்கி வரும் குழலைத் தாங்கும் உருளைகளில் எண்ணெயும் அழுத்தக் காற்றும் இன்னும் இருக்கக்கூடும். பயிற்சியற்றவர் திருகைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. பீரங்கிப் படையில் தொழில்நுட்பப் பணியாற்றிய ஒருவரின் மேற்பார்வை கிடைக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

கூரை குறித்த தீர்மானம் உங்கள் முன் வைக்கப்படுகிறது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் முன் 1968 முதல் 15 அங்குலக் கடற்படைப் பீரங்கிகள் இரண்டு திறந்தவெளியிலேயே நிற்கின்றன என்று வாதிடலாம். அவை முழுவதும் எஃகு. மரச்சக்கரம் கொண்ட களப் பீரங்கிக்கு அந்த வாதம் பொருந்தாது. ஆகவே, ஜெர்மன் பீரங்கிக்கு மட்டுமேனும், பக்கங்கள் திறந்த ஒரு கூரையை அடுத்த மழைக்காலத்திற்கு முன் அமைக்கவும், பீடத்தில் நீர் வடியும் சரிவு ஏற்படுத்தவும், படியெடுத்த பொறிப்புகளை விளக்கும் பலகையை அருகில் நிறுவவும் இப்பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்