இடது கையில் ஒட்டிய பிளாஸ்டர்: ஒரு நன்றி மடல்

டயாலிசிஸுக்காக எங்கள் வீட்டவரின் இடது கையில், தமனியையும் (இதயத்திலிருந்து ரத்தம் வரும் குழாய்) சிரையையும் (இதயத்துக்குத் திரும்பும் குழாய்) தைத்து இணைத்து வைத்ததுதான் பிஸ்டுலா. அதில் இன்று இரண்டு ஊசியும் சிக்கலில்லாமல் ஏறின. பம்ப் நிமிடத்துக்கு 250 மி.லி. வேகத்தில் ஓடியது; மெஷின் ஒருமுறைகூடக் கத்தவில்லை. இதுவரை பட்ட பாடெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், திரும்பச் சொல்லவில்லை.

முதல் நன்றி, அட்மிஷன் போட்ட இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு. ரத்தம் எடுக்க இடது கையைப் பிடித்த லேப் தம்பியை நிறுத்தி, "வலது புறங்கையில எடுப்பா" என்றீர்கள். பிறகு மைக்ரோபோர் பிளாஸ்டரைக் கிழித்து இடது முன்கையில் ஒட்டி, பேனாவால் எழுதினீர்கள்: "ஊசி வேண்டாம். பிபி வேண்டாம்." கேஸ் ஷீட்டில் அப்படி யாரும் எழுதச் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பிளாஸ்டர் காப்பாற்றியது செஃபாலிக் சிரையை. பெருவிரல் பக்கம் மணிக்கட்டில் தொடங்கி, தோலுக்கு அடியிலேயே தோள்வரை போகும் ரத்தக்குழாய் அது. கண்ணுக்குத் தெரியும், நேராக இருக்கும். அதனால் ட்ரிப் போட வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். பிஸ்டுலா வைக்கும் சர்ஜனுக்கும் அதே சிரைதான் வேண்டும். அதன் நுனியை மணிக்கட்டின் ரேடியல் தமனிப் பக்கவாட்டில் தைப்பார்கள். 1966இல் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது இது.

தமனிக்கும் சிரைக்கும் சுவரில் மூன்று அடுக்குதான். ஆனால் தமனியின் நடு அடுக்கில் தசையும் மீள்நாரும் தடிமனாக இருக்கும், 120 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே. கைச் சிரையில் அழுத்தம் பத்தைச் சுற்றித்தான், எனவே சுவர் மெல்லிசு. தமனியோடு இணைத்ததும் ரத்தம் பாய்ந்து வர, சிரை விரிந்து, சுவர் தடிக்கிறது. சுமார் ஆறு வாரத்தில் 6 மி.மீ. அகலம், நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம், தோலிலிருந்து 6 மி.மீ.க்குள் ஆழம் என்று ஆனால் ஊசிக்குத் தயார். இது நடக்க, உள்ளே இருக்கும் எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் அடுக்கு முழுசாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதும், ஓட்டம் கூடும்போது குழாயை விரியச் சொல்வதும் அதுதான். அங்கே நாலு வென்ஃப்ளான் (ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டு, மருந்து எரித்து, வீங்கி ஆறினால் தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் விரியாது; பிஸ்டுலா அங்கேயே சுருங்கி அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் கை நன்றாகத்தான் இருக்கும், ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில்தான் தெரியும். எங்களுக்கு டாப்ளரில் சிரை கடைசிவரை ஒரே சீராகத் தெரிந்தது, சிஸ்டர்.

மற்றவர்களுக்கும் சேர்த்து: கையில் விரல் வைத்து "கிர்ர்" என்ற அதிர்வைத் தினமும் காலையில் பார்க்கச் சொல்லித்தந்த டெக்னீஷியன் அண்ணன் (அதிர்வு நின்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே ஓடி வரச் சொன்னதும் அவர்தான், உறைகட்டியைச் சீக்கிரம் எடுத்தால்தான் பிஸ்டுலா பிழைக்கும்), ஊசி எடுத்ததும் இறுகக் கட்டிவிடாமல், அதிர்வு நிற்காத அளவுக்கு இரண்டு விரலால் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தவர்கள், பிசைய ரப்பர் பந்து வாங்கித்தந்த பக்கத்து பெட் அம்மா, காப்பீட்டு கவுன்ட்டரில் பொறுமையாக ஃபாரம் நிரப்பித்தந்த தம்பி, ராத்திரியில் வந்த ஆட்டோக்காரர். எல்லோருக்கும் நன்றி.

சொந்தத்திலோ தெருவிலோ யாருக்காவது சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுகிறது, டயாலிசிஸ் வரைக்கும் போகலாம் என்று தெரிந்தால், எழுதாத கையில் ஊசியும் பிபி பட்டையும் வேண்டாம் என்று இனி நாங்கள் போய்ச் சொல்வோம். ரத்தம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் புறங்கை போதும். பிஸ்டுலா வைத்தபின் அந்தக் கையில் இறுக்கமான வாட்ச், வளையல், கட்டைப்பை எதுவும் கூடாது. அதன் மேல் தலைவைத்துப் படுக்கவும் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் சொல்லத்தான் ஆள் இல்லை.

சிஸ்டர், உங்கள் பெயரைக் கேட்க விட்டுப்போயிற்று. டயாலிசிஸ் செவ்வாய், வெள்ளி காலை ஷிஃப்ட். அந்தப் பக்கம் வந்தால் ஒரு எட்டு எட்டிப் பாருங்கள். கையைத் தொட்டுப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
இடது கைக்காரரின் வீட்டார்