எடைமேடைச் சீட்டு

கோவை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாணிக்கம்,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். நீயும்தான் எழுதவில்லை, ஆக பாதிப் பழி உனக்கு. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் வேலை மாறிவிட்டாள். வாத்தியார் வீட்டு மாமரம் இந்த வருஷமும் காய்க்கவில்லை; அவர் இன்னமும் நம் இரண்டு பேரைத்தான் சந்தேகப்படுகிறார்.

போன வாரம் என் மாருதி ஜிப்ஸி ஜீப்பை எடைமேடையில் ஏற்றினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லடாக் போகிறோம் என்று முடிவானதிலிருந்து அந்த வண்டியில் நான் மாட்டாத பொருள் இல்லை, உனக்குத் தெரியும். கூரையில் விரிக்கும் கூடாரம், முன்னால் இரும்புக் கம்பி பம்பர், பின்னால் 18 மில்லி பிளைவுட்டில் இழுப்பறை, நாலு ஜெர்ரி கேன், 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி, இரண்டாவது ஸ்டெப்னி. ஒவ்வொன்றையும் மாட்டும்போது நியாயமாகத்தான் பட்டது. ஒருநாள் பின்னால் நின்று பார்த்தால் ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் நிமிர்ந்து கிடக்கின்றன. பட்டறையில் "இன்னொரு பட்டை சேர்த்துடலாம் சார்" என்றார்கள். சரி என்று சொல்ல வாய் திறந்தவன், அதற்கு முன்னால் எடை போட்டுவிடலாமே என்று கிளம்பினேன்.

தேங்காய் நார் லாரிக்கும் செங்கல் லாரிக்கும் நடுவில் என் வண்டி. உள்ளே நான் ஒருவன்தான். என்ன லோடு என்று கேட்ட பையனிடம் டூர் என்றேன். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சீட்டை நீட்டினான்: "டூரா, வீடு காலி பண்றீங்களாண்ணா?"

கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் மொத்த எடையைவிட 160 கிலோ கூடுதல். நீயும் உன் பையும் ஏறுவதற்கு முன்னாலேயே.

அன்று இரவு தூங்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு இங்கே 80 குதிரை சக்தி. காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ கிடையாது. வழியில் வரும் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பாதிதான். பாதிக் காற்றை உறிஞ்சினால் பாதிச் சக்தி. வால்பாறை ஏற்றத்தில் நம் ராஜ்தூத் பைக் செய்ததை நினைத்துக்கொள், அதைவிடக் கேவலம். 160 கிலோவை அதிகமாக ஏற்றியது நான், மூச்சு வாங்கப் போவது அது.

டயரிலும் அதே முட்டாள்தனம். கம்பெனி அளவு 205/70. நான் பார்க்க கம்பீரமாக இருக்கிறதென்று 235/75 போட்டிருந்தேன். இரண்டுக்கும் ரிம் அதே 15 அங்குலம்தான், ஆனால் டயரின் விட்டம் 10 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடுகிறது. அது போகட்டும், அதே 10 சதவீதம் ஒவ்வொரு கியரும் பாரமாகிவிட்டது. சக்தி பாதியாகிற இடத்துக்குப் போக நானே கியரையும் கெடுத்து வைத்திருக்கிறேன். பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன். விற்ற கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

அப்புறம் வெட்ட ஆரம்பித்தேன். கூரைக் கூடாரம் போயிற்று; அந்தக் கனத்தை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு சாய்ந்த பாதையில் போவது தற்கொலை. தரையில் அடிக்கும் ஆறு கிலோ கூடாரம் போதும். இழுப்பறையைப் பிரித்து 9 மில்லி பிளைவுட், அலுமினிய ஆங்கிள் வைத்து மறுபடி செய்தேன். தண்ணீர் 20 லிட்டர். வழியெல்லாம் ஓடை, வடிகட்டி இருக்கிறது. இரண்டாவது ஸ்டெப்னிக்குப் பதில் பங்க்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும். முன் பம்பரைப் பற்றி நீ அப்போதே சொன்னாய், நான் கேட்கவில்லை. 2017 கடைசியிலேயே மத்திய அரசு அதைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகவே இனி என் வண்டியில் கழற்றி மாட்ட முடியாத எதுவும் கிடையாது.

பெட்ரோல்தான் இழுபறி. மணாலிக்கு மேலே தாண்டி என்ற ஊர் பங்க்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று ஒரு பலகை உண்டு, படம் பார்த்திருப்பாய். டேங்க் 40 லிட்டர். ஏற்றத்தில் லிட்டருக்கு எட்டு என்று வை, 320-ல் நின்றுவிடும். ஒரு கேன் போதும். நான் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டாவது என் பயத்துக்கு. இரண்டும் வண்டிக்கு வெளியே, பின்பக்கம்.

இதற்கு நடுவில் நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான வேலை எது தெரியுமா? இரண்டு ரப்பர் குழாய். முன்னும் பின்னும் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியில், அதாவது கிரவுன் ஹவுசிங்கில், மூச்சு விடுவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கும், பிரீதர். ஏறி ஏறிச் சூடான ஹவுசிங் பனி உருகி வருகிற ஓடையில் சட்டென்று முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். எண்ணெய் மோராகிவிடும், ஒரு வாரம் கழித்து பேரிங் கத்தும், நமக்குக் காரணமே தெரியாது. குழாயை மாட்டி பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். எடையென்று சொல்ல ஒன்றுமில்லை. பம்பருக்குக் கொடுத்த காசில் பட்டறை முழுக்க இந்தக் குழாயைச் சுற்றி வைத்திருக்கலாம்.

கழற்றாமல் விட்டவை இரண்டு. ஒன்று மூன்று லிட்டர் குக்கர். அந்த உயரத்தில் தண்ணீர் 83, 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது, ஏற்காட்டு இட்லி கதைதான். இன்னொன்று ஃபிரிட்ஜ்.

இப்போது கோபப்படாமல் படி. தங்கச்சி போன மாதம் போன் செய்தாள். நீ இன்சுலின் போட ஆரம்பித்து ஆறு மாதமாகிறதாமே. அதனால்தான் பயணப் பேச்சை எடுத்தாலே "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றாயா? என்னிடம் சொல்லக் கூடாத விஷயமாடா இது? முப்பது வருஷத்தில் நான் உன்னிடம் எதை மறைத்தேன், அந்த ஒரு அரியரைத் தவிர?

40 லிட்டர் ஃபிரிட்ஜை விற்றுவிட்டு 15 லிட்டரில் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஜூனில் நாக்பூர் வெயிலைத் தாண்டித்தான் மணாலி போக வேண்டும், அதுவரை உன் மருந்து அதில் பத்திரமாக இருக்கும். மேலே போனால் நேர்மாறு. இன்சுலின் உறைந்துவிட்டால் அப்புறம் உதவாது, உருகினாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். ராத்திரி ஃபிரிட்ஜை நம்பாமல் இன்சுலின் பேனாவை உன் தூக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொள். பேட்டரியையும் லித்தியமாக மாற்றினேன், பழையதில் பாதி எடைகூட இல்லை. அதைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் வண்டிக்குள்ளேயே, உன் சீட்டுக்கு அடியில் பெட்டி அடித்து வைத்திருக்கிறேன்.

டாக்டரிடம் போ. 5,000 மீட்டர் என்று உயரத்தைச் சொல்லியே கேள். வேண்டாம் என்றால் வேண்டாம், வாயை மூடிக்கொள்கிறேன். போகலாம் என்றால் மணாலியிலும் அதற்கு மேலே கேலாங்கிலும் இரண்டிரண்டு ராத்திரி தங்கித்தான் ஏறுவோம். அவசரமே இல்லை.

நேற்று மறுபடி எடைமேடைக்குப் போனேன், அதே பையன். தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது 95 கிலோ மிச்சம் இருக்கிறது. அதில் நீயும் உன் பையும் அடங்க வேண்டும். உன் எடையை எழுது, செருப்பில்லாமல் பார்த்தது. தங்கச்சியிடமும் தனியாகக் கேட்பேன்.

உன்
கண்ணப்பன்

பி.கு.: சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதே, திருப்பிக் கொண்டு வா.