சிறுநீரகத்துக்கு விலை வேண்டாம், கொடுத்தவரின் கூலியைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுப்பவர்களுக்குப் பணம் வழங்குவதைச் சட்டபூர்வமாக்கலாம் என்று படித்தவர்கள் பலரும் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். என் அக்கா கொடுத்த சிறுநீரகத்தால் உயிர் வாழ்கிறவன் என்ற முறையில் இதில் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அவர்கள் சொல்லும் காரணத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தோடு நாலு மணி நேரம் படுத்துக் கிடந்தவனுக்கு, பக்கத்துப் படுக்கைக்காரர் திடீரென்று வராமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். ஈரானில் 1988 முதல் அரசின் மேற்பார்வையிலேயே சிறுநீரகத்துக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, அதை இங்கேயும் கொண்டு வந்தால் கள்ளத் தரகர்கள் ஒழிவார்கள் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் விற்றவர்களின் கதி என்ன ஆகிறது என்பதற்கு வெளிநாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். விற்ற பிறகு அவர்களின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பெரும்பாலோர் அப்போதும் கடனாளிகளாகவே இருந்தார்கள், உடல்நிலை முன்னைவிட மோசமாகிவிட்டது என்று நூற்றுக்கு 86 பேர் சொன்னார்கள். வந்த பணம் வட்டிக்காரரிடம் போய்விடுகிறது, கூலி வேலை செய்ய வேண்டிய உடம்போ தளர்ந்து போகிறது. நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கடன் நெருக்கடியைப் பயன்படுத்தித் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியதாக 2025இல் எழுந்த புகாரும் இதே கதைதான். அதை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது நம் மதுரையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை. விலையைச் சட்டபூர்வமாக்கினால், வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் கேட்கிற கந்துவட்டிக்காரர் நாளை சிறுநீரகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே விலை வைப்பதை எதிர்க்கிறேன்.

அதே நேரத்தில், விலை கூடாது என்று சொல்லிவிட்டு நாம் எல்லோரும் அத்தோடு நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். என் அக்கா செல்லூரில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருப்பவர். அறுவைச் சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது, அதற்கு நன்றி. ஆனால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், உடன்பிறந்தவர்தான் என்று காட்டுவதற்கான சான்றிதழ்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்த காலையெல்லாம் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். மாவுச் சட்டியைத் தூக்காமல், தண்ணீர்க் குடத்தை எடுக்காமல் இட்லிக் கடை எப்படி நடக்கும்? மகளிர் குழுத் தவணை மட்டும் நிற்கவில்லை, காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான் கட்டினார். விஷயம் தெரிந்து நான் பணத்தை நீட்டியபோது, "தம்பிக்குக் குடுத்ததுக்குக் காசு வாங்குனான்னு ஊரு பேசணுமாடா?" என்று கேட்டு அதைத் தொடவே மறுத்துவிட்டார்.

கொடுத்தவர் இழந்த கூலிக்கான ஈடு உறுப்பைப் பெற்றவர் கையிலிருந்து போகக் கூடாது, அரசிடமிருந்துதான் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் எத்தனையோ பேரின் உழைப்புக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது, விடுப்பும் கிடையாது. மத்திய அரசு ஊழியர் ஒருவர் உறுப்பு கொடுத்தால் அவருக்கு 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு என்று 2023இல் ஆணை வந்தது. மிகச் சரியான ஆணை. அதே தியாகத்தைச் செய்யும் பூக்கட்டும் பெண்ணுக்கும் கட்டடச் சித்தாளுக்கும் என்ன இருக்கிறது?

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு வணிகத்தைக் கடுமையாகத் தடை செய்கிறது, 2011 திருத்தத்துக்குப் பிறகு பத்து ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் எது பணப் பரிமாற்றம் என்று வரையறுக்கும் இடத்தில், உறுப்பு கொடுத்ததால் நேரடியாக ஏற்பட்ட செலவையும் வருமான இழப்பையும் ஈடு செய்வது அதில் சேராது என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதாவது கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. இது சாதாரண மக்களுக்கு மட்டுமல்ல, நான் பேசிப் பார்த்த மருத்துவமனை ஊழியர்கள் சிலருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்த ஈட்டுத்தொகையே மெல்ல மெல்ல விலையாக மாறிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். தொகை எல்லோருக்கும் ஒரே அளவுகோலில், அதாவது அரசே அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியின்படி, வேலை செய்ய முடியாத நாட்களுக்கு மட்டும் கணக்கிடப்பட்டு, அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு கொடுத்தவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடப்பட்டால், அதற்காக யாரும் தன் உடம்பைக் கிழித்துக்கொள்ள முன்வர மாட்டார்கள், தரகருக்கும் அதில் பங்கு எடுக்க வழியிருக்காது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது, ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய பரிசோதனைகளை ஆயுள் முழுவதும் இலவசமாகச் செய்து தருவது. என்னை மாத்திரை, பரிசோதனை என்று மருத்துவமனை தவறாமல் கூப்பிடுகிறது. கொடுத்தவரை யாரும் கூப்பிடுவதில்லை.

மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு என்று 2023இல் அறிவித்த தமிழக அரசு, உயிரோடு இருந்து கொடுத்தவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் வருமான இழப்பீட்டை வழங்க ஒரு திட்டத்தைச் சுகாதாரத் துறை வகுத்து, உறுப்பு கொடுக்க வருபவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே அதற்கான விண்ணப்பத்தையும் மருத்துவமனையில் கொடுக்கச் செய்ய வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
செல்லூர், மதுரை – 2